கஞ்சி கேட்ட பேய்

1948-ல் புதுக்கோட்டை சமஸ்தானமே தலைகுனிந்து திருச்சி ஜில்லாவோடு சேர்ந்துகொண்டது. திருக்கோகர்ணத்து சொர்ணவல்லியின் தலைமுடி மட்டும் சீப்போடு சேரமாட்டேன் என்று நின்றது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதற்குள் மூன்று மொட்டை போட்டாகிவிட்டது. மொட்டை அடித்தால் சுருட்டை முடி நேராக முளைக்கும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவன் தலையில் இடி விழ. ஒவ்வொரு மொட்டைக்குப் பிறகும் முன்னைவிட நன்றாகச் சுருண்டுகொண்டுதான் வந்தது.

அவளைப் பெற்ற மருதாயிக்கு இது மானப் பிரச்சினை. "எங்க வகையில இந்தப் பரட்டை கெடையாது. எல்லாம் அவ அப்பா வகை" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அப்பா ஆவுடையப்பன் கோர்ட்டில் டவாலி. பகலெல்லாம் அடுத்தவன் பெயரைத் தொண்டை கிழியக் கூப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்காத மனிதர். அவருக்கு முப்பது வயதிலேயே தலை வழுக்கையாகிவிட்டதால், குற்றச்சாட்டை மறுப்பதற்கு அவரிடம் சாட்சியும் இல்லை. மருதாயியின் முடியோ எண்ணெயில் ஊறி, மண்டையோடு ஒட்டி, பின்னால் எலுமிச்சம்பழம் அளவு கொண்டையாக இறுகிக் கிடக்கும். அவள் கொண்டையை அவிழ்த்துப் பார்த்தவர்கள் வீட்டில் யாரும் இல்லை.

தினமும் காலையில் வீட்டில் ஒரு யுத்தம் நடக்கும். மகளை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அமுக்கி, விளக்கெண்ணெயைக் கவிழ்த்து, காய்ந்த முடியில் சீப்பை விட்டு இழுப்பாள் மருதாயி. சீப்புக்குப் பல் போகும், சொர்ணவல்லிக்கு உயிர் போகும். கடைசியில் பின்னலைக் கயிறுபோல் முறுக்கி முடித்தால், புருவம் இரண்டும் மேலே ஏறி, அந்தப் பெண் பள்ளிக்கூடம் முழுவதும் ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருப்பதுபோலத் தெரியும்.

"ஆத்தா, ஈரமா இருக்கயில சீவுனா வலிக்காதுல்ல?"

"ஈரத்தலையில சீப்பு வச்சா குடும்பத்துக்கு ஆகாதுடி. பொட்டப்புள்ளைக்கு வாயப் பாரு!"

குடும்பம் அப்படி என்ன கோட்டை கட்டி ஆண்டுகொண்டிருந்தது என்று கேட்கக் கூடாது. இப்படியே வருஷங்கள் ஓடின. சொர்ணவல்லி படிப்பை விட்டாள், தையல் கற்றுக்கொண்டாள், இருபது வயதில் தெருவுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். முடி மட்டும் ஆத்தாளின் ஆட்சியிலேயே இருந்தது.

அந்த ஐப்பசியில் ஒருநாள் ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது நல்ல மழை. தொப்பலாக நனைந்து வந்தாள். மருதாயி நார்த்தாமலைப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாள். சீவுவதற்கு ஆள் இல்லை, தானாகச் சீவிக்கொள்ள மனமும் இல்லை. ஈரத்தலையோடு தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் கண்ணாடியைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். பரட்டை எங்கே போயிற்றோ! வளையம் வளையமாகச் சுருண்டு, தோளில் புரண்டு, தொட்டால் நழுவுகிற முடி. "அட பாவிகளா, இத வச்சுக்கிட்டா இருபது வருசம் அழுதேன்?" என்று கண்ணாடியிடமே கேட்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அன்றிலிருந்து ஆத்தாளுக்குத் தெரியாமல் வேலையைத் தொடங்கினாள். செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளிப்பது எப்படியும் வழக்கம்தான். அதில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். சீயக்காயைக் குறைத்தாள். செம்பருத்தி இலையை வழுவழுவென்று அரைத்துத் தேய்த்தாள். ஆறின வடிகஞ்சியை ஊற்றி அலசினாள். முரட்டுத் துண்டால் அடித்துத் துவட்டாமல், அப்பாவின் பழைய வேட்டியில் ஒற்றி எடுத்தாள். சொட்டு எண்ணெயைக் கையில் தேய்த்து, ஈரத்திலேயே விரலால் சுருள் சுருளாகப் பிரித்துவிட்டு, கொல்லையில் மறைவாக நின்று காயவைத்தாள். காய்ந்ததும் நல்ல பிள்ளையாகப் பின்னிக்கொள்வாள்.

மறைவுக்கு இருந்தது ஒரே மரம், முருங்கை. அவள் வேலை முடித்துக் குளித்து வர விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். ஆக, வெள்ளிக்கிழமை, அந்தி நேரம், முருங்கை மரத்தடி, வயசுப்பெண், தலைவிரி கோலம், தனியாகச் சிரிப்பு வேறு. அடுத்த வீட்டு உண்ணாமலைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள், பார்த்த வேகத்தில் வாசல் வழியாக ஓடிவந்தாள்.

"மருதாயக்கா, ஒங்க மகளுக்குப் பேயி புடிச்சிருக்கு. தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வெரலால முடியச் சுத்துது, சிரிக்குது!"

மருதாயி கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாட்டுக்கு வைத்த கஞ்சி குறைவது, செம்பருத்திச் செடி மொட்டையாவது, புருஷன் வேட்டி நனைந்து கொடியில் தொங்குவது எல்லாம் அந்த நொடியே ஒன்றுகூடிச் சாட்சி சொல்லிவிட்டன. மகளைக் கூப்பிட்டு, "என்னடி பண்ற?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பாளா? மகளிடம் கேட்பதைவிடப் பேயோட்டக் கீரனூருக்கு ஆள் அனுப்புவது சுலபம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினான் கோடாங்கி வெள்ளைச்சாமி. பையில் உடுக்கை, கையில் வேப்பிலை. சொர்ணவல்லியை நடுவீட்டில் உட்கார வைத்தார்கள். "எனக்கு ஒண்ணுமில்லத்தா, முடியக் காயவச்சேன், அம்புட்டுதான்" என்று அவள் கதறினாள். "பாத்தீங்களா, நைசா மறைக்குது" என்றான் வெள்ளைச்சாமி. ஆவுடையப்பன் வழக்கம்போல மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் தாம்பாளத்தைப் பார்த்தாள். எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் நீளமாக ஓர் ஆணியும் ஒரு கத்தியும். அவளுக்குத் தெரியும். பேய் பிடித்தவளைப் புளியமரத்துக்கு இழுத்துப்போய், உச்சி முடியில் ஒரு கத்தையை ஆணியால் மரத்தில் அறைந்து, வேரோடு அறுத்துவிடுவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடுமாம். மூன்று மொட்டைக்கும் விளக்கெண்ணெய்க்கும் தப்பி, இப்போதுதான் கைக்கு வந்த முடி. அதைப் புளியமரத்துக்கா கொடுப்பது? முதலில் பயந்தாள். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம்.

"யாரு நீ? சொல்லு!" உடுக்கை அதிர்ந்தது.

சொர்ணவல்லி பின்னலை உருவி அவிழ்த்தாள். தலையை ஒரு சுற்று சுற்றினாள். "நான் தெப்பக்குளத்துல விழுந்து செத்தவடா!"

வெள்ளைச்சாமிக்கு முகம் மலர்ந்தது. முறையான பேய். "சொல்லு, ஒனக்கு என்ன வேணும்? சேவலா? சீலையா? சாராயமா?" மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. பேய்க்கு மட்டும் எங்கிருந்தோ கிடைத்துக்கொண்டிருந்தது.

"கஞ்சி வேணும்."

உடுக்கை நின்றுவிட்டது. "என்னது?"

"வடிகஞ்சிடா. நல்லா ஆறுன கஞ்சி. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஒரு செம்பு. செம்பருத்தி எலைய அரைச்சு வைக்கணும். பழைய வேட்டி ஒண்ணு, எனக்குன்னு தனியா. காஞ்ச தலையில எவ சீப்பு வச்சாலும் கைய ஒடிப்பேன்!"

இருபது வருஷ அனுபவத்தில் இப்படிப்பட்ட பேயை வெள்ளைச்சாமி பார்த்ததில்லை. ஆனாலும் தொழிலை விடுவானா? "எல்லாம் தரச் சொல்றேன். உச்சி முடியக் குடுத்துட்டுப் போயிரு" என்று ஆணியை எடுத்தான்.

"ஒத்த மயிர அறுத்துப் பாரு. இங்கேருந்து நேரா ஒன் வீட்டுக்குத்தான் வருவேன். கீரனூரு பஸ்ஸு எங்கிட்டு நிக்கும்னு எனக்கும் தெரியும்!"

வெள்ளைச்சாமி ஆணியைத் தாம்பாளத்தில் வைத்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பிழைக்கத் தெரிந்தவன். "ஆத்தா மருதாயி, இது கெட்டது இல்ல, தெய்வாம்சம். கேட்டதைக் குறையில்லாம குடுத்துருங்க" என்று சொல்லி, பேய் கேட்காத சேவலை மட்டும் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. மகள் ஈரத்தில் சீவச் சொன்னபோது 'வாயப் பாரு' என்ற மருதாயி, பித்தளைச் செம்பில் கஞ்சியை ஆற்றி, மேலே ஒரு துளசி இலையும் போட்டுப் பயபக்தியோடு கொண்டுவந்து வைத்தாள். சொர்ணவல்லிக்குச் சிரிக்கத்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. பெற்ற மகளாக இருந்து கெஞ்சிக் கிடைக்காதது பேயாக ஒரு தடவை அதட்டியதும் கிடைக்கிறது என்றால், என்ன வீடு இது? ஆனாலும் கஞ்சியை வீணாக்கவில்லை. தெருப் பெண்கள் பேயை வேடிக்கை பார்க்க வந்தார்கள். வெறுங்கையோடு வந்தால் நன்றாக இருக்காதே என்று ஆளுக்கொரு ரவிக்கைத் துணியோடு வந்தார்கள். தையல் வேலை பெருகியது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சொர்ணவல்லி முருங்கை மரத்தடியில் முடியைப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மருதாயி கஞ்சிச் செம்போடு வந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஏண்டி, இந்தப் பேயி எனக்கும் வருமா?"

சொர்ணவல்லி திரும்பிப் பார்த்தாள். மருதாயி கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள். குளித்த ஈரம். கறுப்பும் நரையுமாக, வளையம் வளையமாக, அச்சு அசல் மகளின் முடி. உச்சியில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியே இல்லாத வழுவழுத் தழும்பு.

"என்னாத்தா இது?"

"ஒன் வயசுல நானும் இப்புடித்தான் விரிச்சுப் போட்டு நின்னேன். பேயின்னாங்க. புளியமரத்துல ஆணி அடிச்சு அறுத்துட்டாங்க."

"தெரிஞ்சுமா எனக்குக் கோடாங்கியக் கூட்டியாந்த?"

"பேயி போயிருச்சுன்னாங்க, நம்பிட்டேன். நம்பித்தான இம்புட்டு வருசம் எண்ணெய ஊத்தி அமுக்கி வச்சிருந்தேன்." மருதாயி தழும்பைத் தடவிக்கொண்டாள். "ஒனக்குப் பேசத் தெரிஞ்சுச்சு. எனக்குத் தெரியலடி."

சொர்ணவல்லி ஆத்தாளைக் கல்லில் உட்கார வைத்து, தனக்கு வந்த கஞ்சி முழுவதையும் அவள் தலையில் மெதுவாக ஊற்றினாள். தழும்பைச் சுற்றி இருந்த சுருளை ஒவ்வொன்றாக விரலால் பிரித்துவிட்டாள்.

சுவருக்கு மேலே உண்ணாமலையின் தலை தெரிந்தது. ஒன்றுக்கு இரண்டாகப் பார்த்ததும் அவள் வாய் பிளந்துகொண்டது. சொர்ணவல்லி ஏதாவது சொல்ல நிமிர்வதற்குள் மருதாயி தலையை ஒரு சுற்று சுற்றி எழுந்து நின்றாள்.

"என்னடி பாக்குற? ஒன் வீட்டுல கஞ்சி வடிச்சாச்சா? கொண்டாடி இங்கிட்டு!"