முதல் லோடு

ஷோரூமிலிருந்து போன் வந்தபோது அண்ணன் தன் லோடு ஆட்டோவிலிருந்து செம்பருத்திச் செடிகளை இறக்கிக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் என் கையெல்லாம் மண்ணாக இருக்கும், போன் அடித்தால் எடுக்க மாட்டேன். அன்றைக்கென்று எடுத்துத் தொலைத்தேன்.

"மேடம், உங்க பிக்கப் வந்திடுச்சு" என்றது ஒரு பெண் குரல்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பாக்கு மரத் தொட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றேன். திருட்டுத்தனம் செய்கிறவள் மாதிரி. உண்மையில் அது திருட்டுத்தனம்தான்.

"ஒரு வாரத்துல வந்து எடுத்துக்கறீங்களான்னு சொல்லிடுங்க மேடம். இல்லேன்னா லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குப் போயிடும்."

நானும் என் வீட்டுக்காரரும் அடையாறில் ஒரு பெரிய வீட்டின் மதிலோரமாகச் செடிக் கடை வைத்திருக்கிறோம். போர்டில் நர்சரி என்று எழுதியிருக்கிறது. அண்ணன் என்று நான் சொல்கிறவர் என்னுடன் பிறந்தவர் இல்லை. பதினாறு வருடமாக எங்கள் செடிகளை ஏற்றி இறக்குகிறவர். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் வீடு. கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கும் பெரிய தோட்டங்களிலிருந்து எங்களுக்குச் செடி கொண்டு வருவதும், எங்களிடமிருந்து மயிலாப்பூர், தி. நகர் மொட்டை மாடிகளுக்குக் கொண்டு போவதும் அவர் வண்டிதான். எந்தச் செடியையும் படுக்கப் போட மாட்டார். அத்தனையையும் நிற்க வைத்து, என் பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டி, ஊர்ந்துதான் போவார். "இருபத்தஞ்சுக்கு மேல போனா இலை கிழியும்மா" என்பார். கட்டின புடவைகளை அலசிக் காயவைத்து மறுநாள் மடித்துத் திருப்பித் தருவார். அவர் துவைத்துக் கொடுத்த மாதிரி என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு நாளும் துவைத்துக் கொடுத்ததில்லை.

இப்படிப்பட்டவருக்குத் தெரியாமல்தான் நாங்கள் பிக்கப் வண்டிக்குப் பதிவு செய்தோம்.

காரணம் இருந்தது. தி. நகரில் ஒரு வீட்டுக்குப் பெரிய தொட்டியோடு நாலு அரளி மரங்கள் கேட்டிருந்தார்கள். மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் அண்ணனின் மூன்று சக்கர வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் இறங்கித் தள்ளினோம். ஒரு தொட்டி உருண்டு உடைந்தது. என் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு நாலு நாள் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் நேராக ஷோரூமுக்குப் போனோம். அவர் முன்பு கிண்டியில் ஒரு கம்பெனி வேன் ஓட்டியவர், லைசென்ஸ் இருக்கிறது. பிக்கப் வந்தால் அவரே ஓட்டிக்கொள்வார். அப்புறம் அண்ணனுக்கு எங்களிடம் வேலை கிடையாது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் என்றார்கள். பிறகு ஏதோ பாகம் வரவில்லை என்றார்கள். பிறகு அந்த மாடலையே மாற்றுகிறார்கள் என்றார்கள். ஒரு வருடம் தாண்டி இன்னும் ஏழு மாதம் ஓடிவிட்டது. ஒவ்வொரு தடவை தள்ளிப்போகும்போதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

"வண்டி வரலேன்னு சந்தோசப்பட்ற ஒரே கஸ்டமர் நீதான்" என்பார் என் வீட்டுக்காரர்.

இப்போது வந்தே விட்டது. அவர் ஒரே பிடியாக, எடுத்துக்கொள்வோம் என்றார்.

"அண்ணன்?"

"அவருக்கு வேற லோடு கெடைக்காதா? நம்மள மட்டுமா நம்பிக்கினு கீறாரு?"

"ஆமா, நம்மளத்தான் நம்பிக்கினு இருக்காரு. வாரத்துல அஞ்சு நாள் நம்ம வாசல்லதான் நிக்கிறாரு. உனக்குக் கண்ணு தெரியாதா?"

இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சொல்வதில் தப்பில்லை. தொட்டி தூக்கித் தூக்கி அவர் இடுப்பு போய்விட்டது, பெரிய ஆர்டர்களையெல்லாம் வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறோம். அவர் பக்கம் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அண்ணனோ எப்போதும் போல வந்தார், இறக்கினார், டீ குடித்தார். அவர் டம்ளரை நீட்டும்போதெல்லாம் எனக்குக் கை ஓடவில்லை.

ஐந்தாம் நாள் முடிவு செய்தேன். வண்டி வேண்டாம். போனில் சொன்னால் அந்தப் பெண் பேசியே மனதை மாற்றிவிடுவாள் என்று, வீட்டுக்காரரிடம் சொல்லாமல் பஸ் ஏறி ஷோரூமுக்கே போனேன்.

"கேன்சல் பண்ணிடும்மா" என்றேன்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்க அண்ணன்கிட்ட கேட்டுட்டீங்களா மேடம்?"

"எனக்கு அண்ணனே கிடையாதும்மா."

"நீங்க போன் எடுக்கலேன்னா உங்க அண்ணன் நம்பருக்குத்தானே பேசறோம்? லேட்டாகுது, கேன்சல் பண்ணிக்கறீங்களான்னு ரெண்டு தடவை கேட்டோம். கூடவே கூடாது, என் தங்கச்சிக்கு வண்டி வேணும்னு சொன்னாரு. இப்பல்லாம் மாசா மாசம் அவரே போன் பண்ணி, எப்போ வரும்னு கேக்கறாரு."

திரையைத் திருப்பிக் காட்டினாள். என் எண்ணுக்குக் கீழே இன்னொரு எண். அண்ணனுடையது.

எழுதினது நான்தான். காஸ் சிலிண்டருக்கு, கஸ்டமர்களுக்கு, ரேஷன் கடைக்கு, எங்கே இன்னொரு நம்பர் கேட்டாலும் அவர் நம்பரைக் கொடுத்துப் பழகிவிட்டேன். எந்த வேலையில் இருந்தாலும் வண்டியை ஓரம் கட்டிப் போனை எடுக்கிறவர் அவர் ஒருவர்தான். யாருக்குத் தெரியக்கூடாது என்று அந்த ஃபாரத்தை நிரப்பினேனோ, அவருடைய நம்பரையே அதில் என் கை தானாக எழுதியிருக்கிறது. என்னை மாதிரி ஒரு மடச்சி இருக்க மாட்டாள்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு மாதம் அவர் செடிகளை இறக்கிவிட்டு டீ குடிக்காமலே போய்க்கொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சர்க்கரை வந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, டாக்டரிடம் போகச் சொல்லி நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கேன்சல் விஷயத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, நேராக சைதாப்பேட்டைக்குப் போனேன்.

அவர் வீட்டுக்கு நான் போய் நாலைந்து வருடம் இருக்கும். சந்துக்குள் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டவை செடிகள். பழைய பெயிண்ட் வாளிகளில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. ரோஜா, நந்தியாவட்டை, மருதாணி, ஒரு எலுமிச்சை. எல்லாம் என் கடைச் செடிகள். பூச்சி விழுந்தது, வேர் அழுகினது, பிழைக்காது என்று நான் மதிலோரம் ஒதுக்கிப்போட்டவை. குப்பைக்குப் போகிறது என்று நினைத்திருந்தேன். எல்லாம் பச்சையாக இருந்தன, எலுமிச்சையில் காய் வேறு.

அண்ணன் வெளியே வந்தார். எனக்குக் கோபம் வந்தால் மரியாதையெல்லாம் பறந்துவிடும்.

"மாசா மாசம் போன் பண்ணி விசாரிச்சியாமே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ மட்டும் சொன்னியா?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "குந்துமா மொதல்ல."

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய.

"பொய் சொல்ல மாட்டேன், மொத போன் வர சொல்லோ நெஞ்சு எரிஞ்சிச்சு. இத்தினி வருசம் ஓட்னவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேன்னு. ஒரு மாசம் உன் கையால டீ குடிக்கல."

"சுகர்னு நெனச்சேன்."

"நீ அப்டிதான் நெனப்பே."

"ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லியிருந்தா அப்பவே கேன்சல் ஆயிருக்குமே. ஏன் சொல்லல?"

அவர் மருதாணியில் ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப்போட்டார். "வாய் வரைக்கும் வந்துச்சுமா. அன்னிக்குதான் மச்சான் இடுப்ப புட்சிக்கினு ஒரு மண் மூட்டைய தூக்க முடியாம நின்னாரு. நான் பாத்துக்கினே கீறேன். எப்டி வேணாம்னு சொல்றது?"

பிறகு கதவின் பக்கத்துச் சுவரைக் காட்டினார். சிவப்பு பெயிண்டில் ஒரு எண் எழுதியிருந்தது. அந்தச் சந்தில் எல்லா வீட்டுச் சுவரிலும் இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"ஆத்தோரம் ஊட்டயெல்லாம் இடிச்சுட்டு எல்லாரையும் பெரும்பாக்கம் கவுர்மெண்ட்டு ஊட்டுக்கு அனுப்பறாங்கோ. எங்களுக்கு எட்டாவது மாடி. நம்பர் போட்டு நாலு மாசம் ஆவுது. அங்கேந்து டெய்லி உன் கடைக்கு வந்துட்டுப் போவ முடியாதுமா. நீ என்னா பண்ணுவேன்னு தான் எனக்குக் கவல. வண்டி வந்துட்டா நிம்மதியா போவலாம்னு அந்தப் பொண்ண நச்சரிச்சிக்கினு இருந்தேன்."

அழுதுவிட்டேன். உள்ளேயிருந்து அவர் மனைவி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, என்ன ஆனது என்று புரியாமல் அவரையே முறைத்துப் பார்த்தார். என் போனில் சார்ஜ் இல்லை. அண்ணன் தன் போனில் ஷோரூம் நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதை 'தங்கச்சி வண்டி' என்று பதிந்து வைத்திருந்தார்.

"எடுத்துக்கறோம்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். "எங்க அண்ணன் சொல்லிட்டாரு."

வண்டி வந்தது. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிப் பூசணிக்காய் உடைத்தோம். முதல் லோடு நல்ல லோடாக இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் மல்லிகைச் செடி ஏற்றிவரக் கிளம்பினார். நான் விடவில்லை. முதல் லோடு அண்ணன் வீட்டுச் சாமான்தான் என்றேன். அவர்கள் காலி செய்யும் நாள் வரும்வரை ஐந்து நாள் புது வண்டி கடை வாசலில் சும்மா நின்றது. என் வீட்டுக்காரர் தினமும் அதைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

அந்த நாளில் பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் சந்தில் வந்து கிடக்க, அண்ணன் ஒன்றையும் எங்கள் வண்டியில் ஏற்றமாட்டேன் என்றார்.

"ஊடு காலி பண்ற லோடு மொத லோடா? புது வண்டிக்கு ஆவாதும்மா. நான் வேற வண்டி சொல்லிக்கிறேன்."

என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார், அண்ணன் மனைவி சொன்னார். மனிதர் அசையவில்லை. நான் வாதாடவில்லை. போய் எலுமிச்சை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பிக்கப்பின் முன்மூலையில் வைத்தேன்.

"முதல் லோடு செடிதான் ஏத்தியிருக்கேன். இப்போ என்ன சொல்ற?"

அவர் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். போய் ரோஜா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நவுரு. அப்டி வெச்சா காத்துல ஆடும்" என்றார்.

வாளிகள் அத்தனையும் ஏறின. நான் கொண்டு வந்திருந்த பழைய புடவைகளை அவரே சுற்றிக் கட்டினார். அதன் பிறகுதான் பீரோவும் கட்டிலும் ஏறின.

அண்ணன் தன் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு லோடு ஆட்டோவில் முன்னால் போனார். நாங்கள் பின்னால். சைதாப்பேட்டையிலிருந்து வேளச்சேரி தாண்டி, பெரும்பாக்கம் வரைக்கும் ஒரே ஊர்கோலம். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். என் வீட்டுக்காரர் கையை வெளியே நீட்டி எல்லோரையும் முந்திப் போகச் சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணன் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. நாங்களும் அவரை முந்தவில்லை.