இல்லாத இரண்டரை மணி நேரம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தெருவில் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். வேலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வந்தவர்களே அதிகம் என்பது வேறு விஷயம்.

அடுத்த வீட்டு அக்கா நெசவுக்காரர் மனைவி. அவருடைய ஒரே மகள் கல்யாணமாகி, கனடாவின் வடகோடியில் சாலையே போகாத ஓர் ஊரில் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள். அவ்வளவு தூரம் பறக்கக் கூடாதென்று டாக்டர் தடுத்துவிட்டார். பிரசவ ஆஸ்பத்திரியோ இன்னோர் ஊரில். அங்கும் சாலை கிடையாது. இந்தக் குட்டி விமான நிலையத்தில் ஏறி அந்தக் குட்டி விமான நிலையத்தில் இறங்க வேண்டும்.

“ஒன்றரை மணி நேரந்தான், வலி எடுத்தா கிளம்பிக்கலாம்னு சொல்றா,” என்றார் அக்கா. “என் சமாதானத்துக்குச் சொல்றாளோன்னு இருக்குது. நீ அளந்து சொல்லுப்பா.”

அளக்கக் கயிறு கேட்டேன். எங்கள் தெருவில் கயிறு கேட்டால் பட்டு நூல்தான் வரும். என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடத்தில் ஊருக்கு ஊர் நூலைப் பிடித்து, அடியிலிருந்த அளவுகோலில் வைத்து, சின்ன விமானத்தின் வேகத்தால் வகுத்து, நாலு மணி நேரம் என்று தீர்ப்புச் சொன்னேன். கால் மணி கூடக் குறைய இருக்கலாம் என்று அடக்கமாகச் சேர்த்தும் கொண்டேன்.

அக்கா நேரே டெலிபோன் பூத்துக்குப் போனார். பெற்றவளிடமே பொய் சொல்கிறாயா என்று தொடங்கிய சண்டை, ஒரு மாதம் முன்னதாகவே ஆஸ்பத்திரி ஊருக்குப் போய்த் தங்குவதாக மகள் ஒத்துக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தது.

அந்த வாரமே ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடம் வந்தது. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிப்பதால், துருவத்தை நெருங்க நெருங்க வரைபடத்தில் நிலம் உப்பித் தெரியும். அங்கே தூரத்தை நம்பக் கூடாது. வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம். பாதி வாக்கியத்தில் என் வீட்டுச் சுவர் வரைபடமும் பட்டு நூலும் நினைவுக்கு வந்தன. மணி அடித்ததும் பள்ளியின் உலக உருண்டையில் நூலை வைத்துப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டவில்லை.

அக்கா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ராட்டை நின்றது.

“அப்போ எம்பொண்ணு பொய் சொல்லல.”

“சொல்லலக்கா. நான்தான் தப்பா அளந்துட்டேன்.”

“இதத்தானேப்பா நீ பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கற?”

“ஆமாக்கா. இதையேதான்.”

அக்கா மறுபடி ராட்டையைச் சுற்றத் தொடங்கினார். “அவ காதுக்குப் போவ வேணாம்பா. இப்பத்தான் ஒத்துக்கினு இருக்குறா. புள்ள பொறக்கட்டும், நானே சொல்லிக்கறேன்.”

மகள் போனாள். காத்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. அன்று பூத்தில் அக்கா குழந்தையின் எடையைக் கேட்பதற்கு முன்பே மகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

இதற்கிடையில், குழந்தையைப் பார்க்க அக்கா போக நினைத்தால் உதவும் என்று நான் ஒரு பிராயச்சித்தம் செய்து வைத்திருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரி ஊருக்கு எவ்வளவு தூரம், எத்தனை விமானம், எத்தனை மணி நேரம் என்று உருண்டையிலேயே சரியாக அளந்து, தாளில் குறித்து, சட்டைப்பையில் வைத்திருந்தேன். அக்கா அதை மட்டும் கேட்கவே இல்லை.