சரோஜாவைச் செவ்வாய் என்ன செய்தது?

இந்த வாரம் என்னிடம் இதமான பேச்சை எதிர்பார்க்காதீர்கள். போடிநாயக்கனூரிலிருந்து நேற்றுதான் திரும்பினேன். ரயிலில் மதுரை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் எனக்குப் பல்வலி என்று நினைத்து ஒரு கிராம்பை நீட்டினார். வாங்கி மென்றேன். கோபம் போகவில்லை!

போனது ஒரு நிச்சயதார்த்தத்துக்கு. நண்பர் சுப்பையா, போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் வெகுகாலம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். இப்போது போடியில் மளிகைக் கடை. அவருடைய ஒரே மகள் சரோஜா, பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளை உள்ளூர் ஏலக்காய் வியாபாரியின் பிள்ளை. பேசி முடித்துப் பூவும் வைத்தாயிற்று. தாம்பூலம் மாற்றுவதுதான் பாக்கி.

ஸ்டேஷனிலிருந்து வருகிற வழியில்தான் பள்ளிக்கூடம். மைதானத்தில் சரோஜா வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். வேலி ஓரமாக நின்றுவிட்டேன். வாசலில் ஒரு ராட்சசப் பூசணிக்காய் — அதுதான் சூரியனாம். அங்கிருந்து ரொம்பத் தள்ளி, ஒரு சிறுமி உள்ளங்கையில் ஒரே ஒரு மிளகை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மிளகுதான் பூமி. போடி, மதுரை, மெட்ராசு, லண்டன் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. பக்கத்துல ஒரு சாண் தள்ளி இந்தக் கடுகு — இதுதான் நிலா."

மதில் ஓரத்தில் இன்னொரு சிறுமி. அவள் கையில் ஓர் ஏலரிசி, அதாவது ஏலக்காய்க்குள் இருக்குமே அந்த விதை. அது செவ்வாய். வியாழன் ஓர் எலுமிச்சம்பழம். அதை வைக்கத் தெருக்கோடிக்குப் போக வேண்டும். சனிக்கு பஸ் ஸ்டாண்டு!

"எல்லாமே சூரியனைத்தான் சுத்துது. நம்மளை ஒண்ணும் சுத்தலை. நாமளும் அதுகளோட சேந்து சுத்துற ஆளுதான். தெரிஞ்சதா?" என்றாள் சரோஜா.

எனக்கு ஒரே பெருமை. கோயிலில் ஒன்பது கிரகத்தையும் சுற்றி வருகிறோமே... நாம் நிற்கிற பூமி அந்த ஒன்பதில் இல்லை என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? இந்தப் பெண்ணின் வகுப்பில் படித்த பிள்ளைகள் யோசிக்கும். அப்படி நினைத்துக்கொண்டே சுப்பையா வீட்டுக்குப் போனேன்.

அங்கே அடுப்புகூட மூட்டவில்லை. சுப்பையாவின் மனைவி பாக்கியம் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"எல்லாம் போச்சுண்ணே," என்றார் சுப்பையா. "முகூர்த்தம் குறிக்க மாப்பிள்ளை வீட்டுல சாதகத்தைச் சிலமலை சோசியர்கிட்ட கொண்டு போயிருக்காக. எட்டாம் வீட்டுல செவ்வாயாம். புருசனுக்கு ஆகாதாம். வேணாம்னு நேத்தே சொல்லிவிட்டாக."

நேற்றே! அப்படியென்றால் சரோஜாவுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த ஏலரிசியை அந்தக் குழந்தை கையில் கொடுத்து, குரல் நடுங்காமல் பாடம் நடத்தியிருக்கிறாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறிவிட்டது.

நேரே வியாபாரியின் கிட்டங்கிக்கு, அதாவது ஏலக்காய் குடோனுக்குப் போனேன். மனிதர் ஒரு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுக் காயை அள்ளினார். ஒன்றை நசுக்கினார். மோந்தார். இன்னொன்றைக் கடித்துத் துப்பினார். அடிமூட்டைக் காயும் பார்க்காமல் அவர் விலை பேச மாட்டாராம்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன குறை கண்டீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்ல. தங்கமான புள்ள. நாங்க என்ன செய்ய? செவ்வாய்ல்ல அப்பிடி நிக்கிறாரு!"

பக்கத்தில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவன் தராசைத்தான் பார்த்தான். வாய் இருக்கிறதா என்று பரிசோதிக்கத் தோன்றியது. ஏலக்காயை உரித்துப் பார்த்து வாங்குகிறவர்கள், மனுஷியைக் கட்டத்தைப் பார்த்துத் தள்ளுகிறார்கள். இதை எங்கே போய்ச் சொல்வது?

திரும்பி வந்து பாக்கியத்திடம் உட்கார்ந்தேன். அவர் ஆற்றாமையில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"வைகாசி மாசம். தோட்டத்துல வேலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுற சங்கு ஊதுது, இவ பொறக்குறா. கும்மிருட்டுண்ணே. லாந்தரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மருத்துவச்சி தொப்புள்கொடி அறுத்தா. இவுக ஆபீசுக் கடியாரத்தைப் பாத்து ஆறு மணின்னு குறிச்சுக்கிட்டாக..."

"வைகாசியில ஆறு மணிக்கு ஏதும்மா கும்மிருட்டு?"

சுப்பையா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப் பாவி! அது தோட்டத்துக் கடியாரம்ல! ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும்ணே. ஆளுக வெரசா மலையேறணும்னு தொரை முள்ளைத் தள்ளி வச்சிருந்தாரு. மேல இருக்கையில எங்களுக்கு அதுதான் மணி!"

கேட்டீர்களா? கூலிக்காரனின் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைத் திருட ஒரு துரை கடிகாரத்தைத் திருகினான். அது இருபது வருஷத்துக்குப் பிறகு ஒரு பெண்ணின் கல்யாணத்தில் வந்து விடிந்திருக்கிறது.

சுப்பையா செருப்புக்கூட மாட்டாமல் சிலமலைக்கு ஓடினார். ஜோசியர் பிறந்த நேரத்தை ஐந்து மணி என்று வைத்துக் கட்டத்தைத் திருப்பிப் போட்டார். செவ்வாய் எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போய்விட்டது. ஒன்பது பாக்கிய ஸ்தானமாம்! புருஷனைக் கொல்லப் பிறந்தவள் பொழுது சாய்வதற்குள் மகராசி ஆகிவிட்டாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் செவ்வாய் ஓடிப்போய் வீடு மாறியதா? இல்லை ஐயா! அது வானத்தில் அதே ராசியில்தான் இருந்தது. சுழன்றது நம் பூமி. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் பன்னிரண்டு ராசியும் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே எழும்புகின்றன. பிறக்கும்போது எழுகிற ராசிக்கு லக்னம் என்று பெயர். வீடுகளை அதிலிருந்துதான் எண்ணுகிறார்கள். ஐந்துக்கு எழுந்தது மேஷம், ஆறுக்கு எழுந்தது ரிஷபம். அவ்வளவுதான் சங்கதி. நாம் குடியிருக்கிற உருண்டை கொஞ்சம் திரும்பியதற்கு, பல கோடி மைலுக்கு அப்பால் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும் ஒன்றின்மேல் கொலைக் குற்றம்!

சாயங்காலம் வியாபாரி தட்டு, பழம், பூ, பிள்ளை சகிதம் வந்து இறங்கினார். வாயெல்லாம் பல்.

"சம்பந்தி! தோசம் கீசம் ஒண்ணும் இல்லையாம். வர்ற முகூர்த்தத்துலயே முடிச்சுருவோம். வா தாயி, வந்து தட்டை வாங்கு!"

பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சரோஜா வந்தாள். தட்டை வாங்கவில்லை.

"மாமா, தோட்டத்துக் கடியாரம் சரியா ஓடியிருந்து, நான் நெசமாவே ஆறு மணிக்குப் பொறந்திருந்தா இன்னைக்கு வந்திருப்பீங்களா?"

அவர் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை தரையைப் பார்த்தான்.

"அந்தக் கிரகத்துக்கு நான் பொறந்ததே தெரியாது. உங்களுக்கு என்னைத் தெரியும். தங்கமான புள்ளைன்னு தெரிஞ்சேதான் வேணாம்னு சொன்னீங்க. கொண்டு போங்க மாமா."

"ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று பாக்கியம் பதறினார். வியாபாரி சுப்பையாவின் முகத்தைப் பார்த்தார். சுப்பையா தட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"மக சொன்னதுதான் எனக்கும். கோவிச்சுக்காதீக."

அவர்கள் போனபிறகு சரோஜா உள்ளே போய் அழுதாள். அழமாட்டாளா? அந்த ஊமைப்பயல்மேல் அவளுக்கு ஆசை இருந்திருக்கிறது. ஊர் இனி அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லும். பாக்கியம் மகளிடம் பேசவில்லை. நான் கிளம்பும்போதும் பேசியிருக்கவில்லை. இதற்கெல்லாம் எந்தக் கிரகத்தைப் போய் நான் திட்டுவது?

வாசகர்களில் நல்ல பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சரோஜாவிடம் கேட்டுச் சொல்கிறேன் — கடிதத்தோடு ஜாதகம் வந்தால் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவேன்!