அம்புக்குறியில் நின்ற முனிரத்தினம்

சென்ற பிரதோஷத்தன்று ஓசூர் மலைக்கோயிலில் பதிகம் ஓதி எழுந்தபோது, திருப்பணிக் குழுவினர் என்னை அலுவலக அறைக்கு அழைத்தனர். பெங்களூரில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், கூட்ட நெரிசலைச் சீர்செய்து தருவதாகச் சொல்லி, வெள்ளைப் பலகையில் கட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்துகொண்டிருந்தார். வில்வமும் விபூதியும் மணக்கும் அறையில் மார்க்கர் பேனாவின் நெடி ஏறியிருந்தது. ‘பக்தர் வருகை’ என்று ஒரு கட்டம். ‘அர்ச்சனைச் சீட்டு’ என்று ஒரு கட்டம். சாய்சதுரத்துக்குள் ‘சிறப்புத் தரிசனமா?’ என்று ஒரு கேள்வி. ஈசன் எந்தக் கட்டத்தில் எழுந்தருளியிருக்கிறார் என்று தேடினேன். ‘சேவை வழங்கல்’ என்ற கட்டமாக இருக்கலாம்.

“செருப்புப் பாத்துக்கற அம்மா எங்கப்பா இருக்காங்க, இதுல?” என்று கேட்டேன்.

“அவங்க பிராசஸ்ல வரமாட்டாங்க ஐயா,” என்றார் இளைஞர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

நண்பரே, அந்த நெடியும் அந்த விடையும் எனக்குப் புதியவை அல்ல. இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், ஞாயிற்றுக்கிழமைதோறும் பெஞ்சில் அமர்ந்து அவற்றை நானே முறையாகக் கற்றிருக்கிறேன்.

அப்போது ஓசூர்த் தொழிற்பேட்டையில், வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றின் ஸ்டோர்ஸில் மேற்பார்வையாளனாக இருந்தேன். துணை மேலாளர் நாற்காலி காலியாயிற்று. அதில் அமரப் பட்டம் வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்ததோ டிப்ளமா. நாற்பது கடந்த வயதில், நரைத்த மீசையுடன், தொலைநிலைக் கல்வியில் மேலாண்மைப் பட்டத்துக்குச் சேர்ந்தேன். பெயிண்ட் கடை ஒன்றின் மாடியில் வகுப்பு. கீழிருந்து டர்பன்டைன் வாசனை, மேலே மார்க்கர் வாசனை. ஷிப்டு முடித்து நேராக வந்த மாணவர்களில் பாதிப் பேர் கண் திறந்தபடியே உறங்கும் கலையில் தேர்ந்தவர்கள். அங்கே கற்பிக்கப்பட்டவற்றுள் பயனுள்ள கலை அது ஒன்றே என்று இப்போது தோன்றுகிறது.

பாடங்களுள் ஒன்று பிசினஸ் அனாலிசிஸ். ஓர் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அதைச் செய்பவர்களிடமே கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்களுக்கு விளங்காத சொற்களில் எழுதி, அவர்களைப் பார்த்தேயிராத மேலதிகாரியிடம் கொடுப்பதே அக்கலை. ‘இப்போது உள்ளபடி’ என்று ஒரு படம் வரைய வேண்டும். ‘இனி ஆகவேண்டியபடி’ என்று இன்னொரு படம் வரைய வேண்டும். இரண்டாவதில் கட்டங்கள் குறைந்திருந்தால் அறிவு கூடியிருக்கிறது என்று பொருள்.

கற்பித்தவர் என் தம்பி மகன் வயதினர். ஆலை என்பதைப் பேருந்துச் சன்னல் வழியாக மட்டுமே கண்டவர். ஒருநாள் சொன்னார்: “ஒரு வேலைன்னா பேப்பர் உள்ள போகணும், இல்ல பேப்பர் வெளிய வரணும். ரெண்டும் இல்லன்னா அது ஆக்டிவிட்டியே இல்ல. எழுதிக்கோங்க.” எழுதிக்கொண்டோம். நெற்றி நிறைய நீறு பூசி முதல் வரிசையில் அமர்ந்திருந்த அடியேன், அந்த வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடும் இட்டேன்.

இறுதியாண்டில் ஒவ்வொருவரும் தத்தம் பணியிடத்தை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும். பலரும் ஜெராக்ஸ் கடைக்குச் சென்று, முந்தைய ஆண்டு அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி வாங்கி வந்தனர். பேட்டரி ஆலைக்காரர் ஒருவரின் அறிக்கையில் பால் குளிரூட்டும் அறை இடம்பெற்றிருந்தது. ஆசிரியர் அதற்கும் நல்ல மதிப்பெண் இட்டார். அவர்களை நான் எவ்வளவு இளக்காரமாகப் பார்த்தேன் தெரியுமா? இப்போது நினைத்தால், அவர்கள் ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை. நான் நேர்மையாக உழைத்தேன். கேடு அங்கேதான் பிறந்தது.

எங்கள் சரக்கு வாயிலில் முனிரத்தினம் என்றொருவர் இருந்தார். வேப்பனப்பள்ளிக்காரர். ஒப்பந்தப் பதிவேட்டில் ‘ஹெல்பர்’. என்ன வேலை என்று கேட்டால் எவராலும் ஒரு வரியில் சொல்ல இயலாது. லாரி வந்து நிற்கும். ஓட்டுநர் இறங்குவார். முனிரத்தினம் பானைத் தண்ணீரை நீட்டி, கன்னடக்காரரிடம் “ஊட்டா ஆயித்தா?” என்பார், தெலுங்கரிடம் “தின்னாவா அன்னா?” என்பார், நம்மவரிடம் “சாப்டியாப்பா?” என்பார். மூன்றும் ஒரே கேள்விதான். சோற்றில் தொடங்கும் பேச்சு எங்கெங்கோ சுற்றி, சரக்கை எந்தக் கொட்டகையில் ஏற்றினார்கள், வழியில் மழை பிடித்ததா, பாதியில் வண்டி மாற்றினார்களா என்பதில் வந்து நிற்கும். பிறகு என் மேசைக்கு வருவார்.

“சார், ரெண்டாவது வண்டி கொஞ்சம் நிக்கட்டும். டிரைவரு பேச்சு நேரா இல்ல.”

சென்று பார்த்தால் பெரும்பாலும் ஏதேனும் கோளாறு இருக்கும். இவ்வளவுக்கும் ஒரு தாள் உள்ளே போனதில்லை. ஒரு தாள் வெளியே வந்ததில்லை.

கைக்கடிகாரத்துடன் நான்கு நாள் வாயிலில் நின்றேன். லாரி நுழைவதற்கும் சரக்குச் சீட்டைச் சரிபார்ப்பதற்கும் இடையே கால் மணி நேரம் கழிந்தது. முதல் படத்தில் அதை அம்புக்குறியின் மேல் ‘காத்திருப்பு’ என்று எழுதினேன். ‘இனி ஆகவேண்டியபடி’ படத்தில் அந்தக் கால் மணி நேரத்தை நீக்கி, ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்கு நேராகக் கோடு இழுத்தேன். அந்த ஆண்டு எங்கள் மையத்திலேயே உயர்ந்த மதிப்பெண் எனக்குத்தான். அறிக்கையைப் பொன்னெழுத்தில் பைண்டு செய்து, பூசையறையில் சுவாமியின் திருவடியில் வைத்தேன். அவர் அதைப் பொறுத்துக்கொண்டது அவருடைய கருணை.

வாழ்நாளில் ஒரு பக்கமும் படித்திராத எங்கள் மேலாளர் அதைப் படித்தார். அந்தக் கோடு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எனக்கு நாற்காலி கிடைத்தது. முனிரத்தினத்தின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு நின்றது.

கடைசி நாள் என் மேசைக்கு வந்தார்.

“சார், உங்க புக்குல நம்ம கேட்டை வரைஞ்சிருக்கீங்களாமே. நான் எங்க இருக்கறன், காட்டுங்க.”

முதல் படத்தை விரித்தேன். ‘லாரி வருகை’ என்ற கட்டத்துக்கும் ‘சீட்டு சரிபார்ப்பு’ என்ற கட்டத்துக்கும் நடுவே இருந்த அம்புக்குறியில் விரல் வைத்து, “இங்க,” என்றேன்.

“இது கோடாச்சே சார்.”

“அந்தக் கோட்டுலதான்.”

குனிந்து நெடுநேரம் பார்த்தார். “பரவால்ல, கோட்டு மேலயாவது நிக்க உட்டீங்களே,” என்று சிரித்தார். பிறகு, “அடுத்த பக்கத்துல?” என்றார்.

நான் புத்தகத்தை மூடினேன்.

அடியவர் அனைவரையும் வரிசையாக வணங்கும் பதிகத்தை அன்றாடம் ஓதுகிறவன் நான். துணி வெளுத்தவரும் பானை வனைந்தவரும் அந்த வரிசையில் உண்டு. எவர் கையிலும் தாள் இல்லை. நா அதை ஓதிக்கொண்டிருக்க, கை கட்டம் வரைந்துகொண்டிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இருவகை வார்ப்புகளுடன் இரண்டு லாரிகள் வந்தன. சீட்டுகள் வழியிலேயே மாறியிருந்தன. சீட்டில் உள்ளபடியே இறக்கினோம். தவறான வார்ப்பு இயந்திரத்தில் ஏறி, ஒரு நாள் முழுவதும் ஆலை நின்றது. அவற்றுள் ஒன்றை ஓட்டிவந்த கன்னடக்காரருக்குச் சீட்டு மாறியது முன்பே தெரியும். “நம்மள யாரும் கேக்கலியே,” என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில். காரணத்தை ஆராய்ந்து எழுதும் பொறுப்பு, பட்டம் பெற்றவன் என்பதால், எனக்கே வந்தது. ‘மனிதத் தவறு’ என்று எழுதினேன். எந்த மனிதன் என்று அந்தப் படிவத்தில் கேட்கவில்லை.

கோயில் அறையில் அந்த இளைஞர் மார்க்கரை நீட்டினார். “நீங்க ஏதாச்சும் சேக்கணுமா ஐயா?” வாங்கி, பலகையின் ஓரத்தில் செருப்புக் காக்கும் அம்மாளுக்கு ஒரு கட்டம் போட்டேன். உள்ளே பெயர் எழுதப் போனேன். பெயர் தெரியவில்லை. அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மலைமேலிருந்து பார்த்தால் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் தெரியும். அந்த மாடி வகுப்பு இப்போது செல்போன் கடை. ஆலையின் வாயிலில் பானை இல்லை. வண்டியின் எண்ணைப் படித்துத் தானே உயரும் ஒரு கம்பம் நிற்கிறது. ஓட்டுநர்கள் இறங்குவதில்லை. இறங்கினாலும், சாப்பிட்டாயா என்று எந்த மொழியிலும் கேட்க அங்கே ஆள் இல்லை. அப்படிக் கேட்டவரை ஒரு கோட்டால் அழித்தவன், பிரதோஷம் தவறாமல் மலையேறி, நீறு பூசிக்கொண்டிருக்கிறான்.