இரண்டு ஸ்கூட்டர் விலையில் ஒரு ஸ்கேனர்

கார் பழுதைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனரை வாங்கலாமா வேண்டாமா என்று யாராவது என் வீட்டுக்காரரிடம் கேட்டால், அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டிவிடுகிறார். கேட்பவர்கள் எல்லாம் சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்கள், இன்ஜினைக் கரைத்துக் குடித்தவர்கள். நானோ தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் வரவேற்பில் உட்கார்ந்து, "வெறும் வயித்தோட வந்திருக்கீங்களா, சாப்பிட்டீங்களா?" என்று காலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவள். ஆனாலும் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. அதை வாங்கக் கூடாது என்று அதிகமாகக் கத்தியவள் நான்தான்.

என் வீட்டுக்காரர் ஒன்பது வருஷம் மஸ்கட்டில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தார். திரும்பி வந்து, காவேரிப் பாலத்தைத் தாண்டி மாம்பழச் சாலையில் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். வந்துவிட்டார் என்று நான் சொல்வேன். "வந்திருக்கேன்" என்றுதான் அவர் சொல்வார். ஒர்க்ஷாப் காலூன்றி நின்றால் இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் மறுபடி மஸ்கட். இதை நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

எல்லாருக்கும் என்றால் ஐந்தாம் வகுப்புப் படித்த எங்கள் மகளுக்கும்தான். பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் தன் பெயர், முகவரி, ரத்த வகை எல்லாவற்றையும் பேனாவால் எழுதியிருந்தாள். தந்தை பணிபுரியும் இடம் என்ற வரியில் மட்டும் மாம்பழச் சாலை என்று பென்சில். ஏன் என்று கேட்டேன். "அப்பா திரும்பிப் போனா அழிக்கணும்ல" என்றாள். அவள் அடுத்த நிமிஷம் பென்சில் சீவப் போய்விட்டாள்.

கடை திறந்து சில மாதங்களிலேயே அவர் ஸ்கேனர் புராணத்தை ஆரம்பித்துவிட்டார். மஸ்கட்டில் ஆளுக்கு ஒன்று கையில் இருக்குமாம். விலையைக் கேட்டேன். சொன்னார். பாலக்கரையிலிருந்து தில்லைநகருக்குத் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவள் நான். அந்த விலைக்கு இரண்டு ஸ்கூட்டர் வாங்கலாம் என்று மனசுக்குள் உடனே கணக்கு வந்துவிட்டது.

"விரல் நீளத்துல ஒண்ணு விக்குதாமே, செல்போன்லயே பார்த்துக்கலாமாமே? அது போதாதாங்க?"

"அது இன்ஜினை மட்டும்தான் படிக்கும். இப்ப வர்ற வண்டியில பிரேக்குக்கு ஒரு கம்ப்யூட்டர், ஏர்பேக்குக்கு ஒரு கம்ப்யூட்டர், கியருக்கு ஒண்ணு. அது எல்லாத்தோடயும் பேசணும்."

"ஏங்க, வீட்டுல இருக்கிற ரெண்டு பேரோட பேசுறதுக்கே உங்களுக்கு நேரமில்ல."

வாங்கிவிட்டார். சுற்றி ஆரஞ்சு நிற ரப்பர் வைத்த ஒரு டேப்லெட், ஒரு பெட்டி நிறைய ஒயர். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சொருகினால் வண்டியின் நோய்கள் எல்லாம் எண்களாகத் திரையில் வரிசை கட்டும். ஒரு வருஷத்துக்கு அப்டேட் இலவசம், அதற்குப் பிறகு கட்டணம், கட்டாவிட்டால் புது வண்டிகளை அதற்கு அடையாளம் தெரியாது என்றார். வாங்கிய பொருளுக்கு வருஷா வருஷம் தண்டம் அழவேண்டுமா என்று நான் குதித்தேன். "அப்டேட் முடியுறப்ப பார்த்துக்கலாம்" என்றார். அன்றிலிருந்து மஸ்கட் பேச்சு வந்தாலும் அதே பதில்தான். அப்டேட் முடியுறப்ப பார்த்துக்கலாம்.

ஸ்கேனர் வந்த செய்தி எங்கள் பங்குக் கோயிலில் ஒரே ஞாயிறில் பரவிவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால் வளாகத்தில் நான்கு கார் பானட்டைத் திறந்துகொண்டு நிற்கும். "சும்மா ஒரு பார்வை பாருங்களேன்." இந்தச் சும்மாவுக்குத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒவ்வொரு காராகக் குனிந்து குனிந்து நிமிர்வார். ஃபாதர் தன் பழைய ஜீப்பையும் வரிசையில் நிறுத்திவிட்டுப் புன்னகையோடு நிற்பார். அவரிடம் போய்க் காசு கேட்க முடியுமா? ஒரு நாள் ஒருவர் வண்டியில் டக்டக்கென்று சத்தம் வருகிறது என்று அரை மணி நேரம் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார்கள். எல்லா கம்ப்யூட்டரும் சரியாக இருப்பதாகவே அது சொன்னது. கடைசியில் நான் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் உருண்டுகொண்டிருந்த டிபன் கேரியர் மூடியை எடுத்துக் கையில் கொடுத்தேன். ஸ்கேனர் இல்லாமல் நான் கண்டுபிடித்த ஒரே பழுது அதுதான். எனக்கும் காசு வரவில்லை.

ஒர்க்ஷாப்பிலும் இதே கதைதான். ஸ்பேர் மாற்றினால் காசு தருவார்கள், ஆயில் ஊற்றினால் தருவார்கள். பார்த்துச் சொல்வதற்குத் தரமாட்டார்கள். இவரும் கேட்கமாட்டார். "பார்த்ததுக்கு எப்படிம்மா காசு கேக்குறது?" என்று என்னிடமே கேட்பார். இரண்டு ஸ்கூட்டர் விலை கொடுத்து வாங்கியதே பார்ப்பதற்குத்தான். அது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

நான் வெடித்தது ஸ்ரீரங்கத்து மாமாவின் விஷயத்தில். அவர் உத்தரவீதியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பாலத்தில் ஏறும்போதெல்லாம் அவருடைய கார் மூச்சு வாங்கி நின்றது. வேறு ஓர் இடத்தில் இன்ஜின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லிவிட்டார்கள். இவர் ஸ்கேனரைச் சொருகி, இன்ஜினை ஓடவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு ஒயராக ஆட்டியிருக்கிறார். காலை முழுக்க இதே வேலை. ஓர் ஒயரை ஆட்டும்போது மட்டும் திரையில் ஓர் எண் விழுந்து எழுந்தது. பிரித்துப் பார்த்தால் எலி கடித்திருந்தது. இரண்டு அங்குல ஒயர், கொஞ்சம் டேப். அவ்வளவுதான், வண்டி ஓடியது.

"எவ்வளவு வாங்குனீங்க?" என்றேன்.

"ஒயருக்கு மட்டும் வாங்கினேன். வேற என்ன மாத்தினேன்?" என்று ஒரு தூக்குவாளியை நீட்டினார். "மாமி அக்காரவடிசல் குடுத்து விட்டாங்க."

நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். ஒரு மனுஷனுக்கு அவ்வளவு பெரிய செலவைத் தவிர்த்துக் கொடுத்துவிட்டு, ஒரு தூக்கோடு வந்து நிற்கிறார். பிறகு அதைக் கோபத்தோடுதான் சாப்பிட்டேன். கோபத்தோடு சாப்பிட்டும் பிரமாதமாக இருந்தது.

மறுநாள் லேபில் ஒரு பெரியவர் வந்தார். ரிப்போர்ட்டைப் பிரித்து, எல்லாம் நார்மல் என்று சொன்னேன். மனிதர் முகம் மலர்ந்து, ரிப்போர்ட்டைக் கவரில் பத்திரமாக வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். எனக்கு ஒன்றுமில்லையே, காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் காசு கொடுக்கிறார்கள். ஆனால் அதை வாயால் சொன்னால் செல்லாது. தாளில் அச்சடித்து, கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே ஒரு படிவம் தயார் செய்தேன். எங்கள் லேப் படிவத்தின் அதே வரிசை. பெயர், வயது என்ற இடத்தில் வண்டி எண், வண்டியின் வயது. பிறகு என்ன தொந்தரவு, பார்த்ததில் என்ன தெரிந்தது, உடனே செய்ய வேண்டியது, பொறுத்துச் செய்யலாம் என்பது. கீழே கையெழுத்து, முத்திரை. நூறு நீளக் கவர். ஒரு போர்டு: வண்டிப் பரிசோதனை, ரிப்போர்ட்டுடன். அதன் கீழே கட்டணம்.

இவருக்கு ஒரே கூச்சம். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் போர்டை மாட்டியிருக்கிறார், அதன் மேல் வேளாங்கண்ணி மாதா காலண்டரையும் மாட்டியிருக்கிறார். மாதாவை நான் எதிர்ச் சுவருக்கு மாற்றினேன்.

முதல் ரிப்போர்ட்டை வாங்கியவர் அதே ஸ்ரீரங்கத்து மாமாதான். அவருடைய மாப்பிள்ளை லால்குடியில் ஒரு பழைய கார் பார்த்திருந்தார். அதைக் கடைக்கே ஓட்டி வந்திருந்தார்கள், வாங்கலாமா என்று தெரிய வேண்டும். நான் அங்கே இருந்தேன். இவர் ஒரு மணி நேரம் பார்த்து, இரண்டு பக்கம் எழுதி, கவரில் போட்டுக் கொடுத்தார். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். ஏர்பேக் ஒருமுறை வெடித்து, அதை மாற்றாமலேயே மூடியிருக்கிறார்கள் என்று அதில் இருந்தது.

"பெருமாள் கிருபைதான், வேறென்ன. இதை வாங்கியிருந்தா குழந்தைகள்னா அந்த வண்டியில போகும்?" என்றவர், போர்டைப் பார்த்தார். நாங்கள் கேட்காமலே பர்ஸைத் திறந்தார். "ஏம்மா, போன தடவை இந்தப் போர்டு இல்லையே?"

"இருந்திருக்கணும் மாமா" என்றேன். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பழைய கார் வாங்குகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். துறையூரிலிருந்துகூட வந்தார்கள். அந்த ரிப்போர்ட்டை ஜாதகத்தோடும் வீட்டுப் பத்திரத்தோடும் பீரோவில் வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார். கோயில் வளாகத்தில் சும்மா என்று யாராவது வாயைத் திறந்தால், இவருக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன்: "நாளைக்குக் கடைக்கு வாங்க, ரிப்போர்ட்டே தர்றோம்." ஃபாதர் ஜீப்புக்கு மட்டும் விலக்கு. அவருக்கும் கவர் உண்டு.

ஒர்க்ஷாப் காலூன்றிவிட்டதா? வாடகை போய், வீட்டுச் செலவு போய், பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. மஸ்கட் சம்பளத்தோடு ஒப்பிட்டால் பேச்சே எடுக்க முடியாது. இப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே இவருக்கு மேலே இருந்த ஃபோர்மேன் போன் செய்தார். மலையாளி, நல்ல மனிதர், இவர் சேட்டன் என்று கூப்பிடுவார். பழைய இடம் காலியாகிறது, சம்பளமும் கூடுதல், அடுத்த வெள்ளிக்குள் பதில் வேண்டும். போனை வைத்துவிட்டு இவர் என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். ஸ்கேனரின் இலவச அப்டேட்டும் அந்த வாரத்தோடு முடிகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

நாள் முழுக்க ஊரையே கேள்வி கேட்கிறவள் நான். அந்த ஒரு வாரம் என் சொந்த வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை. இரு என்று நான் சொல்லி, நாளைக்குக் கடை படுத்துவிட்டால்? போ என்று சொல்ல என்னால் ஆகாது. புதன்கிழமை பீரோவைத் திறந்தால் எப்போதும் அடியில் இருக்கும் அவருடைய பாஸ்போர்ட் துணிகளுக்கு மேலே இருந்தது. கதவை மூடிவிட்டுப் போய் இட்லிக்கு ஊறவைத்தேன். பயந்துபோயிருந்தேன். ஊறவைத்த உளுந்து அன்று மூன்று வீட்டுக்குக் காணும்.

வெள்ளி வந்தது, போனது. அவர் வழக்கம் போலக் கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தார்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள். அச்சடித்த கவர்களை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து மாம்பழச் சாலைக்குப் போனேன். அவர் ஒரு காருக்குக் கீழே படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது. மேஜை மேல் ஸ்கேனர் சார்ஜ் இல்லாமல் சிணுங்கியது. ஒயரை மாட்டியதும் திரை தானாக எரிந்தது. எனக்கு அந்தத் திரையில் மற்றதெல்லாம் புரியாது. இது புரிந்தது. அப்டேட் புதுப்பிக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் இருந்தது. எதுவரை செல்லும் என்று கீழே தேதி. தேதியை இரண்டு முறை படித்துவிட்டு விரல் விட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மகள் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை.

"என்னங்க, மூணு வருஷத்துக்கா கட்டியிருக்கீங்க?"

காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "சேர்த்துக் கட்டுனா குறைச்சுத் தர்றாங்கம்மா."

"சேட்டன்கிட்ட என்ன சொன்னீங்க?"

ஸ்பேனர் சத்தம் நின்றது. "பாஸ்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பலாம்னுதான் வெளிய எடுத்தேன். கையில வச்சுக்கிட்டே இருந்தேன். அனுப்ப மனசு வரல. நேத்து போன் பண்ணி, மூணு வருஷத்துக்கு அப்டேட் கட்டிட்டேன் சேட்டான்னு சொன்னேன். அவருக்குப் புரிஞ்சிருச்சு."

டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். நல்லவேளை, அவர் காருக்கு அடியில் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் வழக்கம் போலக் கணக்கு வந்தது. மூன்று வருஷக் கட்டணம் என்றால் என் ஸ்கூட்டர் இந்த வருஷமும் இல்லை. அதையும் சத்தமாகவே சொன்னேன். கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

ஆகவே, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாங்குங்கள், ஆனால் அதோடு நூறு கவரும் வாங்குங்கள். மீதியை அவர்களிடம் சொல்வதில்லை.

அன்று நின்றுகொண்டே பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன். மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பையிலிருந்து டைரியை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

"அப்பா வேலை பார்க்குற இடத்தை அழிச்சிரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் சுருங்கியது. பழகியவள் மாதிரி ரப்பரை எடுத்து அழித்து, தூசியை ஊதிவிட்டு, பென்சிலோடு காத்திருந்தாள்.

"பென்சிலை வை. பேனாவால எழுது" என்றேன். "மாம்பழச் சாலை."