பட்டம் வேண்டுமா என்று பூக் கேட்ட நாள்

முருகனை நம்புகிற உங்களுக்கு, நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்தேன். பிறகு விமானப் பயிற்சி முடித்து, விமானி உரிமம் வாங்கினேன். கல்லூரிப் பட்டம் கிடையாது.
2. மலைமேல் இருக்கும் எங்கள் ஊரான மன்னவனூருக்குத் திரும்பி, எங்கள் பூண்டுத் தோட்டத்தில் இருந்தபடி ஒரு விமான நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கத் தயாரானேன்.
3. விமான நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தாய்மாமா, "டிகிரி இல்லாம எவனும் எடுக்க மாட்டான் பாப்பா" என்றார்.
4. நம்பினேன். விண்ணப்பிக்கக் கடைசி நாள் கடந்துபோனது.
5. அவர் சொன்னது பொய்.

அப்பா இறந்த பிறகு எனக்கு எல்லாம் மாமாதான். பயிற்சியில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தைக் காட்டினார். அதில் பட்டம் கேட்டிருந்தார்கள், அது உண்மை. அந்த ஓர் உண்மையை வைத்து மற்றதையும் நம்பவைத்தார். "கல்லூரில சேரு. மூணு வருசம் வெரசா போயிரும்" என்றார். மூன்று வருடம் பறக்காமல் இருந்தால் என் உரிமம் வெறும் அட்டைதான். ஐப்பசி மழை முழுக்க வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தேன். "முருகா, எது நிஜம் என்று நீயே காட்டு" என்று மட்டும் கேட்டேன்.

கார்த்திகையில், பூக் கேட்டுப் பார்க்கலாம் என்றார் அம்மா. எங்கள் ஊர் முருகன் கோவிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் ஒரேமாதிரி இலைப்பொட்டலமாக மடித்து சாமி முன் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் மறுப்பு. பூசாரியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, 'கல்லூரியில் சேரட்டுமா?' என்று மனதுக்குள் கேட்டேன்.

சிவப்பு வந்தது.

"பொட்டலம் சரியா மடிக்கல போல பூசாரி. இன்னொரு தடவ போடுங்க" என்றார் மாமா.

எங்கள் பக்கம் ஒரு காரியத்துக்கு இரண்டாம் முறை பூக் கேட்க மாட்டார்கள். கேட்டால் சாமி வாக்கை நம்பவில்லை என்று அர்த்தம். மாமாவுக்கும் அது தெரியும்.

"ஏங்க, இதென்ன பிளஸ் டூ பேப்பரா, மறுகூட்டல் போட? இல்ல, நீங்கதான் காலேஜுக்குப் போகப்போறீகளா?" என்றார் பூசாரி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா முகம் வெளுத்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, அவ படிச்சா என்ன, படிக்காட்டி என்ன? நீ எதுக்குப் பதறுற?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "பறந்து போயிட்டான்னா எம் மகன எங்க கட்டுவா? மூணு வருசம் இங்கன கெடந்தா கல்யாணத்த முடிச்சுரலாம்னு..."

அவர் மகன் எனக்கு முறைமாப்பிள்ளை. ஆனால் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதமா என்று அன்றுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனவரே வழியை மறித்திருக்கிறார். அந்த வலிக்கு இன்றும் எனக்கு வார்த்தை இல்லை.

மறுநாள் வெள்ளனே, சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று, நான் விண்ணப்பிக்க இருந்த நிறுவனத்துக்கே போன் செய்தேன்.

"பிளஸ் டூல பிசிக்ஸ், மேத்ஸ் இருக்குல்ல? லைசென்ஸும் இருக்கு. போதும் மேடம், டிகிரி நாங்க கேக்குறதில்ல. ஆனா இந்த முறை க்ளோஸ் ஆயிடுச்சே."

அந்த மேட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். "உண்மையைக் காட்டிவிட்டாய். இன்னொரு வாய்ப்பையும் நீயே கொடு" என்று வேண்டினேன்.

தைப்பூசத்துக்கு மலையிறங்கிப் பழனிக்கு நடந்துகொண்டிருந்தபோது, அதே நிறுவனம் மறுபடி ஆள் எடுக்கும் செய்தி போனில் வந்தது. பாதையோரம் உட்கார்ந்து அங்கேயே விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றிலும் தேறினேன். பட்டம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

நம்பியவர்களே உங்களை ஏமாற்றியிருந்தால், முருகனிடம் சொல்லுங்கள். கேட்கவேண்டிய இடத்தில் நீங்களே கேட்கும் தைரியத்தை அவன் தருவான். எனக்குத் தந்தான். இப்போது யார் எதைச் சொன்னாலும் நானே விசாரித்த பிறகுதான் நம்புகிறேன்.

இன்றைய நிலை இதுதான். துணை விமானியாவதற்கான பயிற்சியில் இருக்கிறேன். மாமாவுடன் பேசுவதில்லை. அவரை மன்னிக்கும் மனது இன்னும் வரவில்லை. அதையும் முருகனிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.