கட்டிலுக்கு அடியில் இரண்டு பலகை

மரத்தரையில் விழும் கீறலுக்கும் பள்ளத்துக்கும் வைத்தியம் பார்ப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. அக்கம்பக்கத்தில் தரை டாக்டர் என்று பெயர். கல்யாண வீட்டில்கூட அவள் குனிந்த தலை நிமிர மாட்டாள். அடக்கம் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அவள் பார்த்ததெல்லாம் தரையை.

அம்மா இடுப்பு ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தம்பி போன் பண்ணினான். "அம்மா வர்றதுக்குள்ள வீட்டுத் தரையைச் சரி பண்ணிடுக்கா. பாத்தா சந்தோஷப்படுவா." அப்பா வீட்டை எழுதி வைத்தது அவன் பேரில், அங்கே எட்டிப் பார்க்கத்தான் அவனுக்கு நேரமிருந்ததில்லை. இப்போதாவது கரிசனம் வந்ததே என்று இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாசம் முந்திக்கொண்டால் புத்தி பின்னால்தான் வரும்.

நாற்காலி இழுத்த கீறல்களில் நிறம் பார்த்து மெழுகை உருக்கி நிரப்பினாள். அமுங்கிய இடங்களில் ஈரத்துணியை விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். ஆவி பட்டதும் மரம் உப்பி மேலே வந்தது. கூடத்தின் நடுவே கருகிய இரண்டு பலகைகள்தான் மசியவில்லை. சின்ன வயதில் தம்பி சூடான இஸ்திரிப் பெட்டியை அங்கே வைத்துவிட்டு விளையாடப் போன லட்சணம் அது. அடி வாங்கியது என்னவோ அவள்தான்.

புதுப் பலகை போட்டால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணில் படாத மூலையிலிருந்து பழைய பலகையைப் பெயர்த்து முன்னால் போட்டு, கெட்டதை அந்த மூலையில் ஒளிப்பதுதான் தொழிலில் வழி.

"அம்மா கட்டிலுக்கு அடியில இருந்து எடுக்கறேன்டா. கட்டில் அங்கயேதானே இருக்கும்?"

"பின்ன எங்க போகப் போகுது? எடுக்கா," என்றான் கூசாமல்.

முட்டி தேய மாற்றிப் போட்டாள். "தரை கண்ணாடி மாதிரி இருக்கும்மா. நீ வந்து நடக்கறதுதான் பாக்கி," என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். அம்மா வலியைக் கடித்துக்கொண்டு அன்றைக்கே நடந்து பழக ஆரம்பித்தாள்.

கட்டில் கால்களுக்கு ஒட்ட ரப்பர் வாங்கிக்கொண்டு அவள் மறுபடி போனபோது கட்டிலைக் காணோம். அந்த இடத்தில் முன்பின் தெரியாத புருஷனும் பெண்டாட்டியும் நின்றிருந்தார்கள்.

"கூடம் பிரமாதம். இங்க மட்டும் ஏன் கருகியிருக்கு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

தம்பி சிரித்தான். "இதோ அக்காவே வந்துட்டா. வீடு உங்க கைக்கு வர்றதுக்குள்ள சரி பண்ணிடுவா."

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். இவன் குழியை அவளையே வெட்டச் சொல்லி, மெழுகும் பூச வைத்துவிட்டான். அவனை ஓரமாக இழுத்தாள்.

"அம்மா எங்கடா வருவா?"

"நல்ல முதியோர் ஹோமா பாத்து வச்சிருக்கேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"நீயே சொல்லிடுக்கா. நீ சொன்னாத்தான் நம்புவா."

அவள் அவன் கையை உதறிவிட்டு அந்தப் பெண்ணிடம் போனாள்.

"இதுக்கு மாத்திப் போட வேற பலகை இல்லைங்க. இதை மறைக்க எங்கம்மா கட்டில் ஒண்ணுதான் இருந்துச்சு. அவ இன்னும் உயிரோடதான் இருக்கா. இங்க வர்றதுக்குத்தான் நடந்து பழகிட்டிருக்கா."